வாரம் அரை கிலோ

“மிஸ்ஸி, மாசி மகம் முடியற வரைக்கும் இவர இளைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க.”

செமோர் கிளினிக்கில் எடை பார்க்கும் நர்ஸ் வலேரி நிமிர்ந்தாள். புருஷனை இளைக்க வைக்கச் சொல்லி வரும் மனைவிகளைத்தான் இதுவரை அவள் பார்த்திருக்கிறாள்.

“என்ன ஆண்ட்டி சொல்றீங்க? அங்கிளுக்கு நெஞ்சு அடைப்பு எடுத்து ரெண்டு மாசம்கூட ஆகல.”

“அதனாலதான் மிஸ்ஸி!” மங்களம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “இவர உள்ள தள்ளிக்கிட்டுப் போனப்போ, ‘முருகா, இந்த மனுசன் பொழச்சு வந்தா எடைக்கு எடை அரிசி துலாபாரம் கொடுக்கிறேன்’னு வேண்டிக்கிட்டேன். அன்னிக்கு இவரு தொண்ணூத்திரண்டு கிலோ. இன்னிக்கு?”

வலேரி மிஷினைப் பார்த்தாள். “எண்பத்தொம்பது.”

“பாத்தீங்களா! ஆறு வாரத்துல சாமிக்கு மூணு கிலோ நட்டம்!”

மிஷின் மேல் நின்றிருந்த பழனியப்பன் சிரித்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

“நான் ஒரே மாசத்துல பத்து கிலோ எறக்கிடலாம்னு பாத்தேன். மிஸ்ஸிதான் பிரேக் போட்டிச்சு.”

“ஆமா அங்கிள். அவசரமா எறங்கின எடை, அடுத்த மாசமே சொந்தக்காரங்களையும் கூட்டிக்கிட்டுத் திரும்பி வரும். வாரத்துக்கு அரை கிலோ போதும்.”

“கேட்டியா மங்களம்? வாரத்துக்கு அரை கிலோ அரிசி மிச்சம்.”

“அந்த அரிசி முதியோர் இல்லத்துக்குப் போறது மிஸ்ஸி! அதுலயுமா கஞ்சத்தனம்?”

வலேரியின் முகம் வாடியது. மற்ற நோயாளிகளுக்கு இவரைத்தான் உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் இளைத்ததெல்லாம் அரிசியை மிச்சம் பிடிக்கத்தானா?

அன்று முதல் மங்களம் அடுப்படியில் போர் தொடுத்தாள். காலையில் நாசி லெமாக் சோறு. மதியம் தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக்கறி. சாயந்திரம் நெய் மிதக்கும் கேசரி. பழனியப்பன் எல்லாவற்றிலும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒரு வெள்ளரிக்காயைக் கடித்தபடி நடக்கக் கிளம்பிவிடுவார்.

“நான் வேண்டிக்கிட்டது தொண்ணூத்திரண்டு கிலோ ஆளுக்கு!”

“நம்பர் சொல்லியா வேண்டின? எடைக்கு எடைன்னுதான சொன்ன? சாமிகிட்ட பேசறப்போ பாத்துப் பேசணும்லா.”

மங்களத்தின் தம்பி சுகுமாரனுக்கு இது நல்ல வேடிக்கையாகப் போயிற்று.

“மச்சான், துலாபாரத்த இன்னும் ரெண்டு வருசம் தள்ளிப் போடுங்க. ஒரே பொட்டலத்தோட முடிச்சிரலாம்.”

மங்களம் மட்டும் சிரிக்கவில்லை. “வேண்டுதல்ல கொறை வச்சா, மறுபடியும் ஒங்க நெஞ்சுல வந்து நிக்குமோன்னு பயமா இருக்குங்க.”

பழனியப்பன் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். பிறகு தூண்டில் சாமான் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். புதன்கிழமை கிளினிக் முடிந்தால் அந்தக் கடைக்குப் போகாமல் இருக்கமாட்டார். வீட்டுக்கு ஒரு மீன்கூட வந்ததில்லை.

மாசி மகம் வந்தது.

பழனியப்பன் புது ஜிப்பா போட்டு, இடுப்பைச் சுற்றித் தடித்த துண்டு கட்டியிருந்தார். காலை அகட்டி அகட்டி நடந்தார்.

“என்னாங்க, நெஞ்சு வலிக்குதா?”

“இல்ல. வேட்டி நிக்கமாட்டேங்குது. இளைச்சிட்டேன்ல.”

மங்களம் கூப்பிட்டதற்காக வலேரியும் வந்திருந்தாள். போன புதன்கிழமை அவள் எழுதிய எடை எண்பத்தாறு. பன்னிரண்டு வாரத்தில் ஆறு கிலோ. கஞ்சத்தனமோ என்னவோ, கணக்காக இளைத்த மனிதர்.

கோயில் தராசின் ஒரு தட்டில் பழனியப்பன் உட்கார்ந்தார். மறுதட்டில் சுகுமாரன் அரிசி மூட்டைகளை அடுக்கினான். எண்பத்தைந்து கிலோ ஆனதும், மேலே ஒரு கிலோ பொட்டலம் ஒன்றை வைத்தான்.

தட்டு அசையவில்லை.

இன்னொன்று வைத்தான். இன்னும் ஒன்று. கடைசியில் தொண்ணூற்றிரண்டில்தான் தராசு நேராக நின்றது.

“முருகா!” மங்களம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த நொடி புருஷன் பக்கம் திரும்பினாள்.

“எண்பத்தாறுன்னு சொன்னீங்க! தூண்டில் கடைன்னு சொல்லிட்டு எந்தக் கடையில உக்காந்து ரொட்டி சானாய் தின்னீங்க?”

“அக்கா, மச்சான ஏசாத. மிஸ்ஸியோட மிஷின் ரோசாக்லா. ரிப்பேருக்கு அனுப்பச் சொல்லு,” என்றான் சுகுமாரன். கூட்டம் சிரித்தது. வலேரி தலை குனிந்தாள்.

பழனியப்பன் தட்டிலிருந்து இறங்கினார். சன்னதி முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கும்போது இடுப்புத் துண்டு அவிழ்ந்தது.

டங். டங். டங்.

கடலில் தூண்டில் போடுகிறவர்கள் கயிற்றில் கட்டும் ஈயக் குண்டுகள் தரையில் விழுந்து நாலாபக்கமும் உருண்டன. ஒன்று வலேரியின் காலடியில் வந்து நின்றது. எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தாள். எடை பார்த்துப் பழகிய கை. அரை கிலோ.

மற்றவற்றை எண்ணினாள். மொத்தம் பன்னிரண்டு.

“வாரத்துக்கு ஒண்ணா அங்கிள்?”

பழனியப்பன் அவிழப் பார்த்த வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

“இளைக்கச் சொன்னது என்னையத்தான மிஸ்ஸி? அந்த இல்லத்துல இருக்கிறவங்களும் சேந்து ஏன் இளைக்கணும்?”