ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் ஆயுள் கைதி

மக்கள் தாங்களாகவே கூட்டிய போர்க்குற்றத் தீர்ப்பாயம், போரை நடத்திய தளபதிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நிஜத் தளபதி தன் நாட்டில் நிம்மதியாக டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார். கணினியில் உருவாக்கிய அவருடைய பேசும் பிம்பத்தைத்தான் சிறைவைக்க முடிந்தது. சிறை என்பது, நடுவர் அருளானந்தம் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவின் திரை.

"தண்டனை இவனுக்கா, எனக்கா?" என்று அவர் மனைவி செண்பகவல்லி தினமும் கேட்பாள். "அதிகாரமே இல்லாத கோர்ட்டுக்கு அங்கி வேற. மாண்புமிகு நீதிபதி, கொத்தமல்லிய ஆய்ஞ்சு குடுங்க."

வெள்ளிதோறும், போரில் மகனைத் தொலைத்த யோகராணி வருவார். திரைமுன் ஸ்டூலில் அமர்ந்து, "என்ர பிள்ளை எங்க?" என்று கேட்பார். நிஜத் தளபதி, யோகராணி எழுதிய கடிதம் எதையும் பிரித்ததில்லை. பிம்பமாவது தலைகுனிந்து, "தெரியாதம்மா" என்னும். பிறகு யோகராணி, செண்பகவல்லி தரும் காபியைக் குடித்துவிட்டுப் போவார்.

பத்தாம் ஆண்டில், நன்னடத்தைக்காகத் தளபதியை விடுவிக்கத் தீர்ப்பாயம் தீர்மானித்தது. விடுதலை என்றால் பிம்பத்தை அழிப்பது. அருளானந்தம் அங்கி மாட்டிக்கொண்டு திரையை நோக்கி விரலை நீட்டினார். செண்பகவல்லி குறுக்கே வந்து நின்றாள்.

"இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லன்னு சொன்னவ நீதானே?"

"இப்பவும் அதான் சொல்றேன். உங்க விடுதலையும் செல்லாது. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, அந்தம்மா வர்ற நேரம். தள்ளுங்க, பால் எடுக்கணும்."