இரண்டே பொத்தான்

"ஏம்மா, இதை யாரு போடச் சொன்னது?"

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை தாண்டவராயன், அஃப்ஷானின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

"நான் எங்கண்ணே போட்டேன்? எம்ப்ராய்டரி டிசைன் சாப்ட்வேர்தான் போட்டேன். கூடவே இந்த பிரவுசரும் ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. நான் பழகின பிரவுசரைத் திறந்தாலே குறுக்க வந்து நிக்குது."

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளவுஸுக்கு எம்ப்ராய்டரி போட்டுத் தருகிறவள் அவள்.

"அடுத்து, அடுத்துன்னு தட்டியிருப்பே. நடுவுல ஒரு கட்டத்துல அவனே டிக் போட்டு வெச்சிருப்பான்."

சொல்லி முடிப்பதற்குள் திரையில் ஒரு பெட்டி மிதந்து வந்தது. 'இனி எல்லாவற்றுக்கும் எங்கள் பிரவுசரே இருக்கட்டுமா?' கீழே இரண்டு பொத்தான். 'சரி.' 'பிறகு.'

"பாத்தியா அநியாயத்தை! உன்னைக் கேக்கற மாதிரியே கேக்கறான் பாரு. இதுக்கு நீ இன்னாதான் பண்ணே?"

"ஆறு மாசமா 'பிறகு'தான்."

"ஆறு மாசமாவா! வேணாம்னு தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"வேணாம்னு சொல்ல எடம் எங்கண்ணே இருக்குது? சரின்னு சொல்லவும் மனசு வரல. அதான் தள்ளிக்கிட்டே வரேன்."

தாண்டவராயன் சிரித்துவிட்டார். பிரவுசரை நீக்கும் வேலையைத் தொடங்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பச்சைக் கோடு எறும்பு போல ஊர்ந்தது. வாசலுக்கு அப்பால் ராஜகிரிக் கோட்டை மலை மேல் ஒரு மேக நிழல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. மலையே கொஞ்சம் அசைந்து கொடுப்பது போலிருந்தது.

போன் அடித்தது. மனைவி ஜெயசுதா.

"மாப்ள ஊட்ல ஒத்துக்கிட்டாங்க. தையிலயே வெச்சுக்கலாமாம்."

"அப்பாடா" என்று போனை வைத்தார். முகம் மலர்ந்திருந்தது.

"பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சும்மா. திண்டிவனத்துல பேங்க் பரீட்சைக்குப் படிக்குதே, கலைமதி."

"நல்லதுண்ணே. அதுக்கு சம்மதம்தானே?"

"கேக்காமலா? நம்ம ஊர்ல எந்த அப்பன் என்னை மாதிரி கேக்கறான் சொல்லு. ஆவணியா தையான்னு சித்திரையிலயே கேட்டேன். ஆவணின்னுச்சு. ஆவணி பொறந்ததும் கேட்டேன், தையில பாக்கலாம் நைனான்னுச்சு. அது சொன்ன மாசத்துக்கே விட்டுட்டேன்."

அஃப்ஷான் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் பார்த்தார். பாதி நீங்கிய பிரவுசர் கடைசியாக ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தது. 'சரி.' 'பிறகு.'

மின்விசிறி சுற்றியது. மேக நிழல் உச்சியைத் தொட்டு, அந்தப் பக்கம் இறங்கிப் போனது. அவர் கண் அந்த இரண்டு பொத்தானை விட்டு நகரவில்லை.

"அண்ணே, இன்னா ஆச்சு?"

அவர் மகளுக்கு போன் போட்டார்.

"கலை, கல்யாண விஷயமா…"

"தைன்னு சொல்லிட்டேனே நைனா." ஒப்பிக்கிற குரல்.

"மாசம் கேக்கலம்மா. உனக்கு இது வேணுமா, வேணாமா?"

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. பிறகு, மிகவும் மெல்லிய குரலில் கலைமதி கேட்டாள்.

"வேணாம்னு கூட சொல்லலாமா நைனா?"