மூன்றாவது குரல்

"கண்ணை மூடிக்கங்கம்மா. மெல்லகா மூச்சு வுடுங்க. குழந்தைங்க பக்கத்துலதான் இருக்குது, எங்கயும் ஓடிடாது" என்றாள் யோகா டீச்சர் தாட்சாயணி.

பாய்களில் தாய்மார்கள் மல்லாந்து படுத்தார்கள். ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் ஒரு குழந்தை. இவ்வளவு நேரம் அம்மாக்களின் முழங்கால் மேல் ஊஞ்சலாடிய களைப்பில் அத்தனையும் தூங்கிவிட்டிருந்தன.

நந்திதா மட்டும் அரைக்கண்ணால் கதவைப் பார்த்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியார் கமலம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பைக்குள் குழந்தையின் குல்லாய், துணிகள், புதிதாக வாங்கிய பால்புட்டி.

வகுப்பு முடிந்ததும் கமலம்மா குழந்தை அக்ஷயாவோடு சூளூர்பேட்டை பஸ் ஏறப்போகிறாள். நந்திதா திருப்பதியிலேயே இருக்க வேண்டியது. "உனுக்குத் தெளியட்டும். அதுவரிக்கும் நான் எடுத்துக்கினு போறேன்" என்று சொல்லியாயிற்று.

கணவன் அஷ்வின் ஸ்ரீ சிட்டி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து, அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிட்டான். மகராசன்!

பால் குடிக்கிற பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்? ஆனால் மறுத்துப் பேச நந்திதாவுக்கு வாய் இல்லை.

எல்லாம் அந்த அழுகையால் வந்தது.

பிரசவமாகி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு அழுகை கேட்கிறது. குழாயைத் திறந்தால், மிக்ஸி ஓடினால், வீட்டுக்குள் எங்கோ ஒரு குழந்தை அழும். சோப்பு நுரையோடு ஓடிவருவாள். அக்ஷயா அசையாமல் தூங்கிக்கொண்டிருப்பாள்.

"காலைத் தூக்கி ஆட்டச் சொல்லித் தர்றாங்களே, மண்டைக்கு எதுனா சொல்லித் தர மாட்டாங்களா?" என்பாள் கமலம்மா.

நகரியில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொல்லி அழுதாள். அம்மா விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கத்தி வழி சொன்னாள். "காத்து கருப்பா இருந்தா ரெண்டு தபாக்கு மேல கூப்புடாதுடி. மூணாவது குரலுக்கு எழுந்து போ."

அதை அப்படியே கேட்டாள், பாவி மகள்.

போன வாரம் குளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு குரல் வந்து நின்றது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. மூன்றாவதற்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. அப்பாடா, காத்துதான் என்று நிதானமாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது கமலம்மா குழந்தையைக் கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் மூக்கிலும் வாயிலும் பால். முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வீறிட்டு அழுதது.

ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு நந்திதா உள்ளதைச் சொன்னாள், மூணாவது குரலுக்குக் காத்திருந்தேன் அத்தே என்று.

கமலம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வாய் ஓயாத பொம்பளை, அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் பையில் துணிகளை எடுத்து வைத்தாள்.

அந்தப் பைதான் இப்போது மடியில் இருக்கிறது. இந்தப் படுக்கை முடியும்வரை, பேயறைந்தவள் மாதிரி துள்ளி எழாமல் இருந்துவிட்டால் போதும். அத்தை தன் கண்ணாலேயே பார்க்கட்டும். மனசு மாறினாலும் மாறும். நந்திதா கண்ணை இறுக மூடினாள்.

மூச்சை இழுத்தாள். விட்டாள்.

அழுகை கேட்டது.

ஐயோ, இப்போதா? பாயின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எழுந்தால் குழந்தை போய்விடும்.

மறுபடியும் கேட்டது. மெல்லிய, தொண்டை கட்டின குரல்.

கை தானாக அக்ஷயாவின் வயிற்றுக்குப் போனது. வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தை நல்ல தூக்கத்தில் இருக்கிறாள். ஆனால் நந்திதா அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு.

அப்போதுதான் பார்த்தாள். பக்கத்துப் பாயில் சபீனாவும் எழுந்து உட்கார்ந்து, தன் மகனின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி. அதற்கும் அப்பால் ஒருத்தி. குழந்தைகளில் ஒன்றுகூட அழவில்லை.

"உனுக்கும் கேக்குதா?" என்றாள் சபீனா, ரகசியமாக.

நந்திதா தலையாட்டினாள். இத்தனை நாளும் தனக்கு மட்டும்தான் என்றல்லவா செத்துப் பிழைத்தாள்! அத்தை இதைப் பார்த்தாளா? ஆசையோடு கதவுப் பக்கம் திரும்பினாள்.

கமலம்மா அவளைப் பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள். பை கீழே விழுந்து, பால்புட்டி செருப்புகளுக்கு நடுவே உருண்டு கிடந்தது. முகம் யாருமில்லாத மாடிப்படியை நோக்கித் திரும்பியிருந்தது. வலது கையில் இரண்டு விரல்களை மடக்கியிருந்தாள். மூன்றாவது விரல் மடங்காமல் நின்றது.

நந்திதா குழந்தையை அள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். "அத்தே, யாரு அழுவுறாங்க?"

கமலம்மா குனிந்து பையை எடுத்து நந்திதாவின் தோளில் மாட்டினாள். கண் மட்டும் மாடிப்படியை விட்டு வரவில்லை.

"அஷ்வினுக்கு மூத்தவ, பால் குடிக்கிறப்பவே போனவ" என்றாள். "எனுக்கும் மூணு தபான்னுதான்டி சொன்னாங்க. நானும் காத்துக்கினு இருந்துட்டேன். இன்னிவரிக்கும் ரெண்டோட நின்னுடுது."