ஆறு பெக் ஏசுபாதம்

"சத்தியமா நான் தொடறதே இல்ல மேடம்" என்றான் வாசுதேவன்.

கொத்தனார். பேசும்போது ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். விட்டால் விழுந்துவிடுவான் என்று ஜெஸ்ஸிக்குத் தோன்றியது.

பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் கப்பை எடுத்துக் காட்டினாள். "முப்பது மில்லி. இதான் ஒரு பெக். போன ஒரு மாசத்துல, ஒரே தடவை உட்கார்ந்து, இந்த மாதிரி அஞ்சோ அதுக்கு மேலயோ குடிச்சிருக்கீங்களா?"

"இதா? இது இருமல் டானிக் ஊத்தறதாச்சே! இதுல போயி எவன் மேடம் சரக்கை அளந்துகினு இருப்பான்?"

"அப்ப எதுல குடிப்பாங்க?"

"எனக்கின்னா தெரியும்? நான்தான் குடிக்கிறதே இல்லியே!"

ஜெஸ்ஸி 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள். ஆள் சொல்வதைத்தான் எழுத வேண்டும், அவன் ஆடுவதை எழுத பாரத்தில் இடமில்லை.

2005-ம் வருடம். செங்கல்பட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவளுக்குக் கணக்கெடுக்கும் வேலை. நெம்மேலிக்குப் பக்கத்துக் காலனி. அஞ்சு பெக்கும் அதற்கு மேலும் போனால் மிதமிஞ்சிய குடி, பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி. பத்து சிவப்பு விழுந்தால் குடியை நிறுத்த வைத்தியம் பண்ணும் டாக்டர் வாராவாரம் வேனோடு வருவார். விழாவிட்டால் வேன் வேறு ஊருக்குப் போய்விடும்.

முப்பத்தெட்டு வீடு முடிந்திருந்தது. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

தெருமுனையில் பின்னாலேயே ஓடி வந்தாள் வாசுதேவன் மனைவி பாப்பா. "மேடம், அது பொய்யி மேடம். தெனம் ஒரு ஆஃப் பாட்டில் காலி பண்ணுது. டாக்டர் வரலேன்னா எங்க வூட்டுக்காரரு தீபாவளி பாக்க மாட்டாரு."

"அவங்கவங்க வாயால ஒத்துக்கிட்டாதான் எழுத முடியும்க்கா."

"எத்தினி பேரு ஒத்துக்கணும்?"

"பத்து."

பாப்பா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விடுவிடுவென்று போனாள். பாவம், எந்தக் குடிகாரன் காலில் விழப் போகிறாளோ என்று ஜெஸ்ஸி நினைத்துக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த தெருவில் முதல் வீடு. வெள்ளைச் சட்டை, மேஜை மேல் பைபிள். சபையில் ஜெபம் நடத்துகிற ஏசுபாதம்.

"ஒரே தடவையில எத்தனை பெக் அண்ணா?"

"ஆறு" என்றார் கூசாமல்.

ஜெஸ்ஸிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆறா?"

"கம்மியா கீதா? ஏழுன்னு போட்டுக்கோம்மா."

உள்ளே அவர் மனைவி மேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிற விஷயமா இது! மேஜையில் பைபிளை வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசம், வீட்டுக்குள் ஆறு பெக். ஜெஸ்ஸிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுத்தி ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

அடுத்த வீடு, அம்மன் கோயில் பூசாரி பக்தவத்சலம். நெற்றி நிறைய விபூதி.

"எட்டு" என்றார். "திருவிழா சமயத்துல ஒம்போது."

சாயங்காலத்துக்குள் பத்து சிவப்பு விழுந்துவிட்டது. பத்தும் வெள்ளையும் சொள்ளையுமான ஆசாமிகள். ஊரை நம்பவே கூடாது என்று ஜெஸ்ஸி முடிவு கட்டிவிட்டாள். அதற்குள் குழந்தைகள்கூட அவரை 'ஆறு பெக்' ஏசுபாதம் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தன. அவர் அதற்கும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

புதன்கிழமை வேன் வந்தது. சமுதாயக் கூடத்தில் பத்துப் பேரும் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் பின்னால் துணைக்கு ஒரு ஆள். ஏசுபாதத்துக்குப் பின்னால் வாசுதேவன்.

"பயப்படாத அண்ணாத்த, நான் கீறேன்ல" என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் பத்துப் பேரையும் கையை நீட்டச் சொன்னார். ஒரு விரல்கூட நடுங்கவில்லை. கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஜெஸ்ஸியைத் தனியே கூப்பிட்டார்.

"என்னம்மா கணக்கெடுத்திருக்கே? இவங்க யாரும் வாசனைகூடப் பார்த்ததில்ல போலிருக்கே!"

ஜெஸ்ஸிக்கு முகம் சிவந்துவிட்டது. வேலையே போய்விடும் போலிருந்தது. நேரே போய் ஏசுபாதத்தை ஓரமாக இழுத்தாள்.

"ஜெபம் பண்ற வாயால ஏன் அண்ணா பொய் சொன்னீங்க? என் கணக்கே தப்பாயிடுச்சு!"

"கணக்கு சரியாத்தாம்மா கீது. ஆளுதான் மாறிப் போச்சு" என்றார் ஏசுபாதம்.

"புரியல."

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பத்து பேரு ஒத்துக்கணும்னு பாப்பாதான் வந்து அழுதுச்சு. 'உனக்கு வைத்தியம், வாடா'ன்னா வாசுதேவன் எகிறிக் குதிச்சு ஓடிடுவான். 'எனக்கு வைத்தியம், பயமா கீது, துணைக்கு வாடா'ன்னேன். வேலையை வுட்டுட்டு வந்து நிக்கிறான். பின்னாடி நிக்கிற பத்து பேரும் அப்பிடி வந்தவனுங்கதான். மெதுவாப் பேசும்மா, காதுல வுழுந்துடப் போவுது!"