தொட்டிக்கு அடியில் குடியிருந்தவர்கள்

ஒரு வீட்டின் பின்பக்கத்தில், வெந்நீரில் உட்கார்ந்து குளிக்கிற பெரிய ஃபைபர் தொட்டி ஒன்று விரிசல் விட்டுக் கிடந்தது. அதன் அடியில் ஒரு தேரையும் ஒரு அரணையும் குடியிருந்தன.

அன்று தொட்டியை அறுத்து எடுத்துப்போக ஆட்கள் மெஷினோடு வந்தார்கள். வீட்டுக்காரம்மா அவர்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்லி, தொட்டிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள்.

"இங்க குடியிருக்கிறவங்க யாரா இருந்தாலும், கோவிச்சுக்காம வேற இடம் போயிடுங்கப்பா" என்றாள்.

"அக்கா, கிளம்பு. நம்மளைத்தான் சொல்றாங்க" என்றது அரணை.

"போடி பயந்தாங்கொள்ளி! அது பேய் பிசாசுக்குச் சொல்றது. நமக்கென்ன வந்துச்சு?" என்றது தேரை.

அரணை ஓடிவிட்டது.

தேரையின் முதுகை ஏதோ ஜில்லென்று உரசியது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

"கொஞ்சம் வழி விடு தாயி" என்றது ஒரு குரல். "இவ்வளவு மரியாதையா கேட்டப்புறம் நான் இருக்கக் கூடாது."

"நீ... நீ யாரு?"

"இங்க முன்னே ஒரு கிணறு இருந்துச்சு. அதுல இருந்த தேரை நான். கிணத்தை மூடின அன்னைக்கும் இதே மாதிரி கற்பூரம் ஏத்திச் சொன்னாங்க. எனக்கில்லைன்னு இருந்துட்டேன்."

"அடப்பாவமே!" என்று தேரை ஒதுங்கி வழி விட்டது. காய்ந்த மண்ணில் ஈரத் தடம் ஒன்று தானாகவே வேலி வரைக்கும் போயிற்று.

"அப்பாடா, இனிமே இடம் தாராளம்" என்று தேரை காலை நீட்டி உட்கார்ந்தது. தலைக்கு மேலே மெஷின் உறுமத் தொடங்கியது.