போலந்துக்குப் போகாத கிரைண்டர்

"கிரைண்டரை அக்கட்டால எடுத்து வெய்யி கண்ணு. போலந்துக்குப் போயி யாருக்கு மாவாட்டிப் போடப்போற?"

சாமியாத்தாள் கூடத்தின் நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மகன் ஹேமந்தும் மருமகள் நிர்மலாவும் நாளை மறுநாள் விமானம் ஏறுகிறார்கள். கம்பெனி அவனைப் போலந்துக்கு மாற்றியிருந்தது. வழியனுப்ப ஹனூரிலிருந்து பஸ் ஏறி மைசூருக்கு வந்தவள், காபி குடித்த கையோடு மூட்டை கட்டும் அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஐயோ அத்தை! எங்கம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. இது இல்லாம நான் பிளேனே ஏறமாட்டேன்" என்று நிர்மலா அட்டைப்பெட்டியோடு கிரைண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஹேமந்த் கொக்கித் தராசைக் கையில் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து இந்த மாமியாரும் மருமகளும் ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் பிரிந்ததில்லை. இந்தத் தடவையாவது அம்மா சிரித்துக்கொண்டே வழியனுப்ப வேண்டும், நிர்மலா சிரித்துக்கொண்டே விமானம் ஏற வேண்டும். அவனுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. சாமுண்டிமலை இருக்கும் திசையைப் பார்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

"அம்மா, அவ ஆசைப்படறா..."

"நீ சும்மா இரு சாமி. உனக்கு அடுப்படி எந்தப் பக்கம் இருக்குதுன்னாவது தெரியுமா?"

உண்மையாகவே அவனுக்குத் தெரியாது.

"அந்தப் பெரிய குக்கரும் எதுக்குங்கறேன்? அது போடற விசிலுக்கு அந்த ஊரு போலீசு வந்து கதவைத் தட்டுவான்."

"குக்கரையுமா? சாம்பாருக்குப் பருப்பு எதுல அத்தை வேகவைக்கறது?" நிர்மலாவின் கண் கலங்கியது.

"அங்க எல்லாங் கெடைக்கும் கண்ணு. நீ விட்டுட்டுப் போறதை நான் ஊருக்குக் கொண்டுபோயி கண்ணுல வெச்சுப் பாத்துக்கறேன்."

மிக்ஸி, இட்லிப் பாத்திரம், இஸ்திரிப் பெட்டி என்று நிர்மலா எதை எடுத்தாலும் சாமியாத்தாள் கையை நீட்டி வாங்கி, தன் நாற்காலிக்குப் பின்னால் வைத்துக்கொண்டே வந்தாள். மிக்ஸிக்கு நிர்மலா மூக்கை உறிஞ்சினாள். இஸ்திரிப் பெட்டிக்குத் தேம்பவே ஆரம்பித்துவிட்டாள். ஒரு இஸ்திரிப் பெட்டிக்கு இவ்வளவு அழுகையா என்று ஹேமந்துக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சரி, இந்தத் தோசைக்கல்லும் பேடா. காபி பில்டரும் பேடா. எதுவும் வேண்டாம், வெறுங்கையோட போறேன்" என்றாள் நிர்மலா விசும்பிக்கொண்டே. அழுகை வந்தால் அவளுக்கு 'வேண்டாம்' என்பது கன்னடத்தில் 'பேடா' ஆகிவிடும்.

"ஏன் வேண்டாம்? பழகின கல்லு, பூவாட்டம் தோசை எந்திரிக்கும். கொண்டா இப்படி!" சாமியாத்தாள் தானே எழுந்து வந்து, கல்லையும் பில்டரையும் பழைய புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் அமுக்கினாள். மருமகள் கேட்காததையும் கொடுத்தோம் என்ற பெருமை அவள் முகத்தில் தெரிந்தது.

நிர்மலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். சமாதானம் சொல்லப் போன ஹேமந்த், சமையல்கட்டு ஜன்னல் பக்கம் வந்தபோது அப்படியே நின்றுவிட்டான். அதற்குள் கொல்லைப்புறம் போயிருந்த அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். ரகசியம் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. பக்கத்து வீட்டுக்கே கேட்டது.

"சௌம்யா, டெம்போவை அனுப்பி விடு. உன் புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு அண்ணன் வீட்டுச் சீர் முழுசா சேந்துருச்சு. கிரைண்டர், குக்கர், மிக்ஸி, எல்லாமே. அவ எதைக் கட்டிப் புடிச்சு அழுதாளோ அதையெல்லாம் பாத்துப் பாத்து எடுத்து வெச்சிருக்கேன். நல்ல பொருளா இல்லாட்டி அந்தக் கஞ்சாம்பட்டி அழுவாளா?"

ஹேமந்துக்குப் பகீர் என்றது. கொள்ளேகாலில் தங்கை சௌம்யா வீடு கட்டிவிட்டாள், அண்ணன் வீட்டுச் சீர் போயாக வேண்டும், எல்லாம் வாஸ்தவம்தான். அதற்காக மருமகளை அழவைத்தா சேர்ப்பது? இது மட்டும் நிர்மலா காதில் விழுந்தால் வீடு இரண்டுபட்டுவிடும் என்று நினைத்துத் திரும்பினான்.

பின்னாலேயே நிர்மலா நின்றுகொண்டிருந்தாள்.

"நிம்மி, நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே. அம்மா ஏதோ வாய் தவறி..." என்று உளறினான். சிரித்த முகத்தோடு விமானம் ஏறும் கனவு கண் முன்னாலேயே கவிழ்ந்தது.

நிர்மலா அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவள் மைசூரிலேயே வளர்ந்த பெண்; புருஷனைக் கூப்பிடப் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் பெண்களைப் போல ஒரு "ரீ" போதும் அவளுக்கு.

"ரீ, மெதுவாப் பேசுங்க. போன வாரமே சௌம்யா போன்ல உளறிட்டா. சீர் வேணும்னு நேராக் கேட்டிருந்தா நானே தேவராஜா மார்க்கெட் பக்கம் போய் எல்லாம் புதுசா வாங்கித் தந்திருப்பேன். இப்படித் தந்திரமா எடுக்கணும்னு வந்தா?"

"அதுக்கு?"

"அதுக்குத்தான், வீட்டுல எதெது ரிப்பேரோ அதைக் கட்டிப் பிடிச்சு அழுதேன். அந்தக் கிரைண்டர் சுத்தி வருஷமாச்சு. நீங்க சாப்பிட்ட இட்லியெல்லாம் முனைக் கடைப் பாக்கெட் மாவு ரீ!"