மூன்றாவது வரியில் தப்பு

ஆற்றைக் கடப்பது எப்படி என்று கரையோரப் பாறையில் தவளை எழுதி வைத்திருந்தது. மூன்றாவது வரி: "தண்ணீரில் குதிக்கவும்."

அதை நம்பிக் குதித்த எறும்பு, தண்ணீர் குடித்துத் தட்டுத்தடுமாறிக் கரையேறியது. "எந்த மடையன் இதை எழுதினது?"

தவளை துள்ளிக்கொண்டு வந்தது. "நான்தான்! எத்தனையோ பேர் முங்கி எழுந்து பேசாமல் போய்விட்டார்கள். வந்து சொன்னது நீ ஒருத்தன்தான். இந்தா கரித்துண்டு, நீயே திருத்து."

எறும்பு முணுமுணுத்துக்கொண்டே எழுதியது: "நீந்தத் தெரியாதவர்கள் இலையில் ஏறிப் போகவும்."

மறுநாள் நத்தை சொட்டச் சொட்ட வந்து கத்தியது. "முதுகில் வீட்டோடு ஏறினேன், இலை கவிழ்ந்துவிட்டது! யார் எழுதினது இதை?"

"நான்தான், நான்தான்!" தன்னைவிடப் பெரிய கரித்துண்டைத் தூக்கிக்கொண்டு, தவளையை முந்தி ஓடியது எறும்பு.